வெள்ளைத் தங்கம்: விளைவிப்பவர் ஒருவர், விலை வைப்பவர் வேறொருவர்

2003-ஆம் வருஷம் ஜூன் மாதம் 10-ஆம் தேதி, ஜெனீவா நகரில் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் பேச்சுவார்த்தைக் கமிட்டியின் முன்னால் ஒரு தேசத்தின் ஜனாதிபதி தாமே நேரில் வந்து பேசினார். தூதர்களும் வர்த்தக இலாகா அதிகாரிகளும் ஷரத்து ஷரத்தாக விவாதித்துக்கொண்டிருக்கும் அந்தச் சபைக்கு ராஜ்யத் தலைவர்கள் வருகிற வழக்கம் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில், நாற்புறமும் நிலம் சூழ்ந்து, கடற்கரை என்பதே இல்லாத புர்கினா பாசோவின் ஜனாதிபதி பிளேஸ் கொம்பவோரே அந்த வழக்கத்தை மீறி அங்கே வந்ததற்குக் காரணம் பருத்தி.

மாலி, பெனின், சாட் என்னும் மூன்று தேசங்களின் சார்பிலும் தம் தேசத்தின் சார்பிலும் அவர் வைத்த கோரிக்கை மிகவும் எளியது. செல்வ தேசங்கள் தங்கள் பருத்தி விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுத்துவரும் மானியங்களைப் படிப்படியாகக் குறைத்து அறவே நிறுத்த வேண்டும். அவை நிற்கும் வரையில் ஏழைத் தேசங்களுக்கு நேரும் நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும். தடையற்ற வர்த்தகமே தரித்திரத்துக்கு மருந்து என்று இருபது வருஷ காலமாகத் தங்களுக்கு உபதேசம் செய்துவந்தவர்களிடம், அந்த உபதேசத்தை நீங்களும் கடைப்பிடியுங்கள் என்று அந்த நான்கு தேசங்களும் கேட்டன.

உலகமயமாக்கலால் தேசங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு குறைந்ததா, வளர்ந்ததா என்ற கேள்விக்கு இரண்டு விதமான பதில்களை நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். சீனாவையும் வியட்நாமையும் சுட்டிக்காட்டி, கோடானுகோடி ஜனங்களை வறுமையிலிருந்து கரையேற்றியது உலகச் சந்தையே என்பார் ஒரு சாரார். ஆப்பிரிக்காவைச் சுட்டிக்காட்டி, ஏழையின் உழைப்பைச் செல்வன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாய்க்கால் அது என்பார் மற்றொரு சாரார். இரு சாராரிடமும் உண்மை உண்டு. ஆனால், ஒரே சந்தை ஒரு தேசத்தை உயர்த்துவதும் மற்றொன்றை நின்ற இடத்திலேயே நிறுத்துவதும் எதனாலே என்று அறிய விரும்புகிறவர்கள், பொதுவான வாதங்களை விட்டுவிட்டு ஏதேனும் ஒரு பண்டத்தின் சரித்திரத்தை விதை முதல் சட்டை வரையில் தொடர்ந்து பார்ப்பதே நலம். அதற்குப் பருத்தியைவிடப் பொருத்தமான பண்டம் வேறில்லை.

பருத்தி வந்த வழி

சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, மழை சில மாதங்களே பெய்து ஓய்ந்துவிடும் அந்தப் பிரதேசத்தில் பருத்தி புதிய பயிரன்று. ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே அங்கே நூற்றார்கள், நெய்தார்கள், குறுகிய பட்டைகளாக நெய்த துணிகளைச் சேர்த்துத் தைத்து உடுத்தார்கள். ஏற்றுமதிக்காக மட்டும் பருத்தி விளைவிப்பது என்ற ஏற்பாடு பிரெஞ்சு ஆட்சியில் வந்தது. சாட் தேசத்தில் 1920-களின் இறுதி முதல் கம்பெனிக்காகப் பருத்தி பயிரிடும்படி குடியானவர்கள் பலவந்தப்படுத்தப்பட்டார்கள். மாலியில், 1932-ல் நிறுவப்பட்ட நைஜர் நதிப் பாசன நிர்வாகம், பருத்திக்காகக் குடும்பங்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்க் குடியேற்றியது. 1949-ல் பிரான்ஸ் தேசம் பருத்திக்கென்றே ஒரு சர்க்கார் கம்பெனியை ஏற்படுத்தியது. 1960-ல் இந்த நாடுகள் சுதந்திரம் பெற்ற பிறகும் அந்தக் கம்பெனி கூட்டாளியாகத் தொடர்ந்தது. 1974-ல் மாலியில் தோன்றிய சி.எம்.டி.டி. என்னும் பருத்திக் கம்பெனியில் மாலி சர்க்காருக்குப் பெரும்பங்கும் பிரெஞ்சுக் கம்பெனிக்கு மற்றப் பங்கும் இருந்தன.

இந்தக் கம்பெனிகளைப் பற்றிக் குறைகள் பல உண்டு; ஆனாலும் குடியானவனுக்கு அவை செய்த உபகாரத்தை மறுக்க முடியாது. விதையும் உரமும் பூச்சி மருந்தும் கடனாகக் கொடுத்து, விதைப்புக்கு முன்பே கொள்முதல் விலையை அறிவித்து, விளைந்ததையெல்லாம் கிராமத்துக்கே லாரி அனுப்பி எடுத்துக்கொண்டு, கடனைக் கழித்து மிச்சத்தை ரொக்கமாகக் கொடுத்தன. அந்த ரொக்கத்தில் உழவு மாடு வந்தது, கலப்பை வந்தது, கிராமச் சங்கங்களின் பங்கில் பள்ளிக்கூடமும் கிணறும் வந்தன. மாலியின் தென்பகுதியில் உள்ள கூட்டியாலாவைப் பருத்தியின் தலைநகரம் என்றும், பருத்தியை வெள்ளைத் தங்கம் என்றும் ஜனங்கள் அழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் ஜீவனம் பருத்தியை நம்பி இருந்தது. உலகத்திலேயே மிகக் குறைந்த செலவில் பருத்தி விளைவிக்கும் பிரதேசங்களில் அது ஒன்று. குடும்பமே கூடி உழுது, குடும்பமே கூடிக் கையால் பருத்தி எடுக்கும் அந்த விவசாயத்துக்கு நீர் இறைக்கும் செலவுகூட இல்லை, மழையே பாசனம்.

பொருளாதார சாஸ்திரம் சொல்வது போல, எங்கே மலிவாக விளைகிறதோ அங்கேயிருந்து உலகம் வாங்கும் என்பது மெய்யானால், இந்த ஜனங்கள் உலகச் சந்தையில் வெற்றி பெற்றிருக்க வேண்டும்.

இருபத்தையாயிரம் பேரும் ஒரு கோடிப் பேரும்

1990-களின் நடுவில் ராத்தலுக்கு 90 சென்ட்டைத் தொட்ட பஞ்சின் உலக விலை, 2001-02 பருவத்தில் சுமார் 42 சென்ட்டுக்கு இறங்கிவிட்டது. முப்பது வருஷ காலத்தில் அவ்வளவு தாழ்ந்த விலையை யாரும் கண்டதில்லை. பண்டத்தின் விலை பாதியானால் அதை உற்பத்தி செய்கிறவன் பரப்பைக் குறைத்துக்கொள்வான் என்பது சந்தையின் விதி. செலவு அதிகமாகும் இடத்தில் முதலில் குறைய வேண்டும். செலவு குறைந்த இடத்தில் கடைசியாகக் குறைய வேண்டும். நடந்தது வேறு. ஐக்கிய அமெரிக்காவில் சுமார் 25,000 பேர் பருத்தி பயிரிட்டுவந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பருவத்தில் அமெரிக்கக் கஜானாவிலிருந்து கிடைத்த உதவி 300 கோடி டாலருக்கு மேல். புர்கினா பாசோ என்னும் முழுத் தேசத்தின் வருஷாந்தர உற்பத்தி மதிப்புக்கு ஏறக்குறைய நிகரான தொகை அது. விலை விழ விழ மானியம் ஏறியபடியால், அமெரிக்காவில் பரப்பும் குறையவில்லை, ஏற்றுமதியும் குறையவில்லை. உலக ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதன் கைக்கு வந்தது. 2002-ல் அமெரிக்கா இயற்றிய விவசாயச் சட்டம் ராத்தலுக்கு 72.4 சென்ட் என்று ஓர் இலக்கு விலையையும் நிர்ணயித்து, சந்தை விலை எவ்வளவு தாழ்ந்தாலும் குறையைப் பெரும்பாலும் கஜானாவே நிரப்பும்படி வழி செய்தது. ஐரோப்பாவிலோ கிரீஸ், ஸ்பெயின் தேசத்துப் பருத்தி விவசாயிகள் ராத்தலுக்கு அதைவிடவும் கூடுதலான உதவி பெற்றார்கள்.

விலை விழுந்ததற்கு மானியம் ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. செயற்கை இழையின் போட்டி, சில வருஷங்களில் சீனாவின் அமோக விளைச்சல், நாணய மாற்றின் ஏற்ற இறக்கம் ஆகியவையும் சேர்ந்தன. இந்த நான்கு ஆப்பிரிக்கத் தேசங்களின் நாணயமாகிய சி.எஃப்.ஏ. பிராங்க் ஐரோப்பாவின் நாணயத்தோடு பிணைக்கப்பட்டது. பருத்தி விற்பதோ டாலரில். ஆகையால் டாலரின் மதிப்பு இறங்கும்போதெல்லாம் குடியானவன் கைக்கு வரும் பிராங்கும் இறங்கியது. தன் நாணயத்தின் மதிப்பைத் தானே நிர்ணயிக்கும் அதிகாரம் அந்தத் தேசங்களுக்கு இல்லை. இவ்வளவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், அமெரிக்க மானியம் நின்றிருந்தால் உலக விலை நூற்றுக்குப் பத்து அளவில் உயர்ந்திருக்கும் என்பதே ஆய்வாளர் பலருடைய மதிப்பீடு. சிலர் அதைக் குறைத்தும் சிலர் கூட்டியும் சொல்வார்கள். வருஷத்தில் ஒரு முறை மாத்திரம் ரொக்கம் காணும் ஒரு குடும்பத்தில், பத்துப் பங்கில் ஒரு பங்கு என்பது பிள்ளையின் பள்ளிச் சம்பளமாகவோ, தாயின் வைத்தியச் செலவாகவோ இருக்கும்.

குடியானவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2000-ஆம் வருஷத்தில் கம்பெனி அறிவித்த விலை கட்டாது என்று கண்ட மாலி தேசத்து விவசாயிகள், பருத்தி விதைக்கவே மறுத்தார்கள். அந்தப் பருவத்தில் மாலியின் விளைச்சல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்த மறுப்பின் நஷ்டம் அவர்களையே முதலில் தாக்கியது. உலக விலை அதனால் அசைந்து கொடுக்கவில்லை.

ஒரே விதி, இரண்டு நியாயம்

இதே காலத்தில், கடன்பட்டிருந்த ஆப்பிரிக்கத் தேசங்களுக்கு உலக வங்கியும் சர்வதேச நிதி நிறுவனமும் விதித்த நிபந்தனைகளை நோக்குவோம். உரத்துக்கு அளித்த உதவியைக் குறையுங்கள்; சர்க்கார் கம்பெனிகளைத் தனியாருக்கு விற்றுவிடுங்கள்; கொள்முதல் விலையை உலக விலையோடு சேர்த்துக் கட்டுங்கள் என்பன அவற்றின் சாரம். கம்பெனிகளில் ஊழலும் வீண் செலவும் மலிந்திருந்தன என்பது மெய். சீர்திருத்தம் தேவையாகவே இருந்தது. ஆயினும், உலக விலை என்பது செல்வ தேசத்தின் கஜானாவினால் தாழ்த்தப்பட்ட விலையாக இருக்கும்போது, அந்த விலையை நம்பி நில் என்று ஏழைக்குச் சொல்வது எந்த வகையில் சுதந்திர வர்த்தகமாகும்? தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டிவைத்துக்கொண்டு, நிறுவை எல்லாருக்கும் ஒன்றே என்று சொல்லும் வியாபாரியின் நேர்மைதான் அது.

மேற்குத் தேசங்கள் ஆப்பிரிக்காவுக்கு உதவி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தானமாகவும் கடனாகவும் பணம் வந்தது. கடன் தள்ளுபடியும் நடந்தது. ஆனால், ஒரு கையால் கொடுத்த உதவியை மறு கையின் மானியம் பறித்துக்கொள்ளுமானால், உதவி பெறுகிறவன் நன்றி செலுத்திக்கொண்டே ஏழையாக இருக்க வேண்டியதுதான். அந்த நன்றியைவிட நியாயமான விலையே மேல் என்று நான்கு தேசங்களும் தீர்மானித்தன.

வழக்கும் தீர்ப்பும்

2003 செப்டம்பரில் மெக்ஸிகோ தேசத்துக் கான்கூன் நகரில் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் மந்திரிகள் மகாநாடு கூடியபோது, பருத்தி தனி விஷயமாக விவாதத்துக்கு வந்தது. அங்கே தயாரான நகல் தீர்மானம், மானியத்தை ஒழிப்பதற்குத் தேதி எதுவும் குறிக்கவில்லை. பருத்தியையே பெரிதும் நம்பியிருக்கும் தேசங்கள் பல தொழில்களுக்கும் பரவுவதற்குச் சர்வதேச ஸ்தாபனங்களின் நிதியைத் திருப்பிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிற்று. உலகத்தில் மலிவாகப் பருத்தி விளைவிக்கிறவன் அதை விட்டுவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டும், கஜானாவின் தயவில்லாமல் விளைவிக்க முடியாதவன் தொடர்ந்து விளைவிக்கலாம் என்பதே அதன் பொருள் என ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் கொண்டார்கள். வேறு பல சச்சரவுகளும் சேர்ந்து, மகாநாடு உடன்பாடு எதுவும் இல்லாமலே கலைந்தது.

அதே சமயத்தில் பிரேஸில் தேசம் வேறொரு பாதையில் சென்றுகொண்டிருந்தது. 2002-ல் அது அமெரிக்கப் பருத்தி மானியத்தின்மீது உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடுத்தது; பெனினும் சாடும் மூன்றாம் தரப்பாக அதில் சேர்ந்துகொண்டன. 2004-லும், அப்பீலில் 2005-லும் பிரேஸிலே வென்றது. அமெரிக்கா சில உதவிகளை நிறுத்தியது; முக்கியமானவற்றை நிறுத்தவில்லை. 2009-ல் பதில் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பிரேஸிலுக்குக் கிடைத்தது. அமெரிக்கப் பண்டங்களின் மீது வரி கூட்டப்போவதாகவும், காப்புரிமைகளில் கை வைக்கப்போவதாகவும் பிரேஸில் அறிவித்தவுடன், அமெரிக்கா 2010-ல் சமாதானத்துக்கு வந்து, வருஷத்துக்கு 14.73 கோடி டாலர் வீதம் பிரேஸில் பருத்தி விவசாயிகளின் நலனுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014-ல் மேலும் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இந்த வழக்கில் உலக வர்த்தகத்தின் உண்மை நிலை முழுவதும் அடங்கியிருக்கிறது. சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பான மானியத்தால் நஷ்டப்பட்டவர்கள் பிரேஸில் விவசாயிகளும் மாலி விவசாயிகளும் ஆகிய இரு திறத்தாருமே. பிரேஸிலுக்குப் பரிகாரம் கிடைத்தது. மாலிக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. காரணம், பிரேஸில் கதவைச் சாத்தினால் அமெரிக்க வியாபாரிகளுக்கு வலிக்கும். மாலி கதவைச் சாத்தினால் யாருக்கும் தெரியாது. தீர்ப்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலும், அதை நிறைவேற்றும் வல்லமை வாதியின் சந்தை எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் என்றால், அந்த நீதிமன்றத்தில் ஏழைத் தேசம் எக்காலத்திலும் பார்வையாளனாகத்தான் இருக்க முடியும்.

2005 டிசம்பரில் ஹாங்காங்கில் கூடிய மந்திரிகள், பருத்திக்கான ஏற்றுமதி மானியத்தை 2006-ல் செல்வ தேசங்கள் நிறுத்திவிடும் என்றும், மிகவும் பின்தங்கிய தேசங்களின் பருத்திக்குச் சுங்கமில்லாமல் அனுமதி தரும் என்றும் தீர்மானித்தார்கள். பருத்தி ஏற்றுமதியில் முதல் ஸ்தானத்தில் இருந்த அமெரிக்காவுக்குள் ஆப்பிரிக்கப் பருத்தி சுங்கமின்றி நுழையலாம் என்ற சலுகையால் யாருக்கு என்ன பயன்? விலையை உண்மையில் தாழ்த்தும் உள்நாட்டு மானியத்தைக் குறைக்கும் விஷயமோ அன்று முதல் இன்று வரை தீராமலே கிடக்கிறது. நான்கு தேசங்களின் முயற்சியால் 2019 முதல் அக்டோபர் 7-ஆம் தேதி உலகப் பருத்தி தினமாகக் கொண்டாடப்படுகிறது. தினம் கிடைத்தது, விலை கிடைக்கவில்லை.

பஞ்சு போகும் ஊரும் சட்டை வரும் ஊரும்

மானியம் ஒழிந்துவிட்டால் மட்டும் ஏற்றத்தாழ்வு நீங்கிவிடுமா என்றால், நீங்காது என்றே சொல்ல வேண்டும். மாலியில் பருத்தி மிகுதியாக விளையும் சிக்காசோ மாகாணத்திலேயே வறுமையும் குழந்தைகளின் ஊட்டக் குறைவும் கடுமையாக இருப்பதைக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், அதைச் சிக்காசோவின் முரண் என்றே குறிப்பிட்டார்கள். விளையும் பஞ்சில் மிகச் சொற்பமான பகுதியே இந்தத் தேசங்களில் நூலாகிறது. மிச்சம் யாவும் ஜின்னிங் ஆலையிலிருந்து பேல் பேலாகத் துறைமுகம் சேர்ந்து, ஆசியாவின் நூற்பாலைகளுக்குக் கப்பலேறிவிடுகிறது. விதையிலிருந்து சட்டை வரையில் உள்ள நெடிய பாதையில் மதிப்பு ஏறுவதெல்லாம் நூற்பு, நெசவு, சாயம், தையல், வியாபாரம் என்னும் பிந்திய படிகளிலே. ஆப்பிரிக்கக் குடியானவன் நிற்பதோ முதற்படியில்.

இதை நன்கு உணர்ந்திருந்தவர் தாமஸ் சங்காரா. 1983 முதல் 1987 வரை புர்கினா பாசோவை ஆண்ட அவர், உள்ளூர்ப் பருத்தியில் உள்ளூர்த் தறியில் நெய்த பாசோ தான் பானி என்னும் துணியைச் சர்க்கார் ஊழியர்கள் உடுத்த வேண்டும் என்று விதித்தார். 1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்களின் மகாநாட்டில், தாமும் தம் தூதுக் குழுவினரும் அணிந்திருந்த ஆடை தம் நாட்டுப் பருத்தியில் தம் நாட்டார் நெய்தது என்று பெருமிதத்தோடு எடுத்துச் சொன்னார். கதரின் சரித்திரம் அறிந்த நமக்கு அந்தப் பெருமிதத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அந்த அக்டோபரிலேயே அவர் கொல்லப்பட்டார். அந்த நாட்டின் கூதுகு நகரில் 1970-ஐ ஒட்டி ஆரம்பித்து நடந்துவந்த பாசோ பானி என்னும் நெசவாலை, உலக வங்கியின் ஆலோசனையில் நடந்த பொருளாதாரச் சீரமைப்பின்போது நசிந்து, 2001-ல் மூடப்பட்டது. மேற்கத்தியர் உடுத்துக் கழித்த பழைய துணிகளும் ஆசியாவின் மலிவுத் துணிகளும் அந்தச் சந்தைகளை நிரப்பியிருக்கின்றன.

இதற்கு எதிர்ப்புறத்தில் வங்கதேசத்தை நிறுத்திப் பார்க்கலாம். தன் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் மிகச் சிறிய பகுதியையே விளைவிக்கும் அந்தத் தேசம், வெளிநாட்டுப் பஞ்சை வாங்கி, ஆடை தைத்து, சீனாவுக்கு அடுத்தபடியாக ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் தேசங்களின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஐரோப்பா சுங்கமின்றிக் கதவைத் திறந்ததும், துறைமுகம் இருந்ததும், லட்சக்கணக்கான பெண்கள் ஆலைகளுக்கு வந்து உழைத்ததும் அதற்குக் காரணம். அந்த உயர்வுக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று: 2013 ஏப்ரல் 24-ல் ஆடை ஆலைகள் நடந்துவந்த ரானா பிளாஸா கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனாலும் இன்று வங்கதேசத்தின் தலா வருமானம் 2,000 டாலரைத் தாண்டியிருக்க, பருத்தி விளையும் மாலியிலும் புர்கினா பாசோவிலும் அது ஆயிரம் டாலர் அளவிலேயே நிற்கிறது. அமெரிக்காவில் அது 80,000 டாலருக்கு மேல். பருத்தி இல்லாத தேசம் பருத்தியால் உயர, பருத்தி உள்ள தேசம் தாழ்ந்திருப்பதைக் கண்ட பிறகு, இயற்கை வளமே செல்வம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பாடத்தைப் பெனின் தேசம் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. கோட்டோனு துறைமுகத்துக்கு அருகே குளோ ஜிக்பே என்னுமிடத்தில் தொழிற்பேட்டை அமைத்து, தன் பருத்தியைத் தானே நூற்று, நெய்து, ஆடையாக்கி அனுப்ப அது முனைந்திருக்கிறது. மின்சாரமும் சாலையும் மூலதனமும் பயிற்சியும் நெடுங்காலம் வேண்டும் காரியம் இது. மாலியையும் புர்கினா பாசோவையும் ராணுவப் புரட்சிகளும் உள்நாட்டுப் போரும் அலைக்கழிக்கின்றன. அமைதியில்லாத இடத்தில் ஆலை எழும்பாது.

நாம் செய்ய வேண்டியது

உலகமயமாக்கல் ஏழைத் தேசங்களை உயர்த்தவே உயர்த்தாது என்று சொல்வதற்கில்லை. 1990-ல் உலக ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த கடும் வறுமை, 2019-ல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதற்கு ஆசியாவின் வர்த்தகமும் தொழிலும் பெரும் காரணம். ஆனால், பண்டத்தை உருமாற்றும் திறனும், தன் விவசாயியைக் காக்கும் கஜானாவும், விதியை எழுதும் மேஜையில் ஓர் ஆசனமும் உள்ள தேசத்துக்கே அந்த வர்த்தகம் ஏணியாகிறது. இவை மூன்றும் இல்லாத தேசத்துக்கு அதே வர்த்தகம் நிரந்தரக் கூலி வேலை. தேசங்களுக்கிடையே இன்று நாம் காணும் ஏற்றத்தாழ்வு தலைவிதியால் வந்ததன்று. மனிதர் எழுதிய ஷரத்துக்களால் வந்தது. மனிதர் எழுதியதை மனிதரே திருத்தலாம்.

இந்தியாவும் இதில் வெறும் சாட்சியாக இருந்துவிடக் கூடாது. 2008-ல் மிகவும் பின்தங்கிய தேசங்களுக்கு நம் சர்க்கார் சுங்க வரிச் சலுகை அறிவித்ததும், 2012-லிருந்து ஆப்பிரிக்கப் பருத்தி விவசாயத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்துவருவதும் நல்ல காரியங்கள். அவற்றோடு நின்றுவிடாமல், அவர்களுடைய பஞ்சை வாங்குவதைப் போலவே அவர்களுடைய நூலையும் துணியையும் வாங்க நாம் முன்வர வேண்டும். மானியத்தைப் பற்றிச் செல்வ தேசங்களிடம் நாம் கேட்கும் நியாயத்தை, நம்மைவிட எளியவர்களுக்கு நாமும் வழங்க வேண்டும். ஒரு தேசத்தின் ஜனங்கள் தாங்கள் விளைத்த பண்டத்துக்கு உரிய விலையைப் பெறுவது தானமன்று; அது அவர்களுடைய உரிமை.